படுத்தால் மங்கும் ஸ்கோப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: .22 ரைஃபிளில் 50 மீட்டருக்குக் குப்புறப் படுத்துச் சுட்டுப் பழகுகிறேன். துப்பாக்கி மேல் பொருத்தியிருப்பது 4 முதல் 16 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி; முகப்பு லென்ஸ் 44 மில்லிமீட்டர். மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிற இலக்குத்தாள், படுத்ததும் மங்கிவிடுகிறது. வெள்ளையில் விழுந்த துளை தெரிகிறது. கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது தெரிவதே இல்லை. 16 மடங்குக்குத் திருகினால் இன்னும் மோசம். 24 மடங்கு ஸ்கோப் ஒன்று வாங்கிவிடலாமா? வயது 47. மூக்குக் கண்ணாடி அணிகிறேன்.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஸ்கோப்பே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். .22 குண்டின் விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு மிளகு. 50 மீட்டரில் இருக்கும் அந்தத் துளையைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது, ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் மிளகைப் பார்ப்பதற்குச் சமம். வெள்ளைச் சுவரானால் யாருக்கும் தெரியும். கரும்பலகையானால் 24 மடங்கு கொடுத்தாலும் திணற வேண்டியதுதான்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், 'உட்கார்ந்து பார்த்தால் தெளிவு, படுத்ததும் மங்கல்' என்ற வரி. ஸ்கோப்புக்கு நீங்கள் உட்கார்ந்திருப்பதும் படுத்திருப்பதும் தெரியாது. மாறுவது உங்கள் கழுத்து, கழுத்தோடு கண், கண்ணோடு மூக்குக் கண்ணாடி. ஒரு போட்டிப் பருவம் முழுவதும் நானும் இதே மங்கலோடு போராடினேன். ஸ்கோப்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டிப் பழுது பார்க்க அனுப்பினேன். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. அதன் பிறகு ஒருநாள் படுத்த நிலையிலேயே, ஸ்கோப்புக்குள் தெரியும் குறிபார்க்கும் குறுக்குக்கோட்டைப் பார்த்துக்கொண்டே, மை தோய்த்த தீக்குச்சியைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து என் கண்ணாடியில் ஒரு புள்ளி வைத்தேன். எழுந்து கழற்றிப் பார்த்தால், புள்ளி லென்ஸின் நடுவில் இல்லை. மேல் விளிம்பில், மூக்குப் பக்கம், சட்டத்தை ஒட்டி இருந்தது.

காரணம் இதுதான். படுக்கும்போது தலை முன்னால் குனிகிறது. விழி மட்டும் புருவத்துக்கடியில் மேல்நோக்கிப் பார்க்கிறது. அப்போது நீங்கள் பார்ப்பது லென்ஸின் ஓரம் வழியாக, அதுவும் சாய்வாக. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு லென்ஸின் மையத்துக்கானது. சாய்ந்து நுழையும் ஒளி வேறு ஒரு கண்ணாடி வழியாக வருவதுபோலத்தான். தூரத்துக்கும் படிக்கவும் இரண்டு அளவு கொண்ட பைஃபோகல் கண்ணாடி அணிகிறவர்களுக்கும் இதே கதிதான்.

நீங்களும் அந்தப் புள்ளியை வைத்துப் பாருங்கள். துப்பாக்கி காலியாக, போல்ட் (தோட்டா அறையை மூடும் தண்டு) திறந்திருக்க, களப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புள்ளி ஓரத்தில் விழுந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்களைச் சற்று உயரமானவையாக மாற்றி, கன்னத் தாங்கியையும் அதே அளவு உயர்த்துங்கள். தலை நிமிரும், கண் லென்ஸின் நடுவுக்கு இறங்கி வரும். அல்லது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஸ்கோப்பின் கண் பக்க வளையத்தைத் திருகிச் சரி செய்துகொள்ளலாம். கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் அந்த வளையம் ஈடுகட்டும்; சிதறல் பார்வை எனப்படும் அஸ்டிக்மாட்டிசத்தை ஈடுகட்டாது. இந்த இரண்டாவது வழியில் பவர் இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் அணிய வேண்டும்.

கண் பக்க வளையத்தைத் திருகும் வேலையைப் படுத்த நிலையிலேயே செய்யுங்கள். பலரும் இதை மேசையில் செய்துவிட்டுத் தரையில் தவிக்கிறார்கள். தாளின் வெற்று வெள்ளைப் பகுதியை நோக்கி வைத்து, கண்ணை மூடித் திறந்த முதல் ஓரிரு நொடியில் குறுக்குக்கோடு கூர்மையாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் தானே சமாளித்துக்கொண்டு உங்களை ஏமாற்றும். அடுத்து, பக்கத்தில் பேரலாக்ஸ் குமிழ் (கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவதைச் சரிசெய்யும் குமிழ்) இருந்தால், அதில் பொறித்திருக்கும் 50 என்ற எண்ணை நம்ப வேண்டாம். தலையை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். குறுக்குக்கோடு தாளின் மேல் நகராமல் நிற்கும் இடமே சரியான இடம்.

16 மடங்கில் மோசமாவதற்கும் கணக்கு இருக்கிறது. 44-ஐ 16-ஆல் வகுத்தால் 2.75. ஸ்கோப்பிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அவ்வளவு மில்லிமீட்டர்தான். 8 மடங்கில் அது 5.5. மெல்லிய கற்றையில் கண்மணி துளி விலகினாலும் ஓரத்தில் கறுப்புப் பிறை விழும். கழுத்து வலிக்க வலிக்க அந்த விலகல் கூடும். 10 மடங்கில் வைத்துச் சுடுங்கள்.

கறுப்புக்குள் விழும் துளைக்கு வருகிறேன். 50 மீட்டர் ரைஃபிள் தாளின் கறுப்பு வட்டம் 112.4 மில்லிமீட்டர், பத்துப் புள்ளி வளையம் 10.4 மில்லிமீட்டர்தான். ஆக, நீங்கள் நன்றாகச் சுடச் சுட எல்லாத் துளைகளும் கறுப்பில்தான் விழும். அந்தக் கறுப்பு வட்டம் ஸ்கோப் இல்லாத சாதாரணக் குறிக்காட்டிகளுக்காக உருவானது. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப் கிடையாது. அங்கே துளையையும் யாரும் தேடுவதில்லை, மின்னணு இலக்கு பக்கத்துத் திரையில் காட்டிவிடும். ஸ்கோப் வைத்துப் பழகும் உங்களுக்குக் கறுப்பு எதற்கு? தாளைத் திருப்பி, பின்பக்க வெள்ளையில் 20 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றை மெல்லிய கோட்டால் வரைந்துகொள்ளுங்கள். கறுப்பு வேண்டும் என்றால், அதற்கு நேர் பின்னால் இருக்கும் அட்டையை வெட்டி எடுத்துவிடுங்கள். பின்னாலுள்ள மண்மேட்டில் வெயில் விழும் நேரத்தில் துளைகள் விளக்கு ஏற்றியதுபோல் தெரியும்.

கேள்வி: 200 மீட்டரில் இரும்புத் தட்டு சுடுகிறேன், அதே .22-தான். சுட்டவுடன் படம் தாவிவிடுகிறது. குண்டு எங்கே விழுந்தது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பதில்: சாதாரண வேகத் தோட்டாவுக்கு 200 மீட்டர் கடக்க அரை நொடிக்கு மேலாகும். .22-இன் பின்னுதைப்பு அதற்கு வெகு முன்பே அடங்கிவிடும். எனவே விழும் இடத்தைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கண் மூடியிருக்கிறது அல்லது தலை தூக்கியிருக்கிறது. விசையை இழுத்த விரலை அப்படியே பின்னால் பிடித்துக்கொண்டு, குறுக்குக்கோடு எந்தத் திசையில் போனது என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் கண் சிமிட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் தாவுகிறது என்றால் உடம்பு குழலுக்குக் கோணலாகக் கிடக்கிறது. முதுகெலும்பு குழலின் நேர்கோட்டில் வரும்படி இடுப்பை நகர்த்துங்கள், கைப்பிடியை இறுக்காதீர்கள். மடங்கையும் குறையுங்கள். பரப்பு அகலமாகத் தெரிந்தால், தட்டைத் தவறவிட்ட குண்டு கிளப்பும் புழுதியும் கண்ணில் படும்.

கேள்வி: காலையில் தெளிவாக இருக்கும் தாள், வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, அது கானல். மடங்கைக் கூட்டினால் நெளிவும் கூடும்; குறைத்துப் பாருங்கள். தொடர்ந்து சுட்டதும் நெளிகிறது, சற்று ஓய்வு கொடுத்ததும் அடங்குகிறது என்றால், சூடான குழலிலிருந்தே அனல் எழும்பி முகப்பு லென்ஸுக்கு முன்னால் ஆடுகிறது. இரண்டு விரல் அகல நாடாவைக் குழலின் மேல், அதைத் தொடாமல், நீளவாக்கில் இழுத்துக் கட்டுங்கள். அனல் இரு பக்கமும் விலகிப் போய்விடும்.