எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், நான் மட்டும் தாவரவியலா?

தோழிகள் எல்லாரும் ஒரே படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், தாவரவியல் என்று சொன்னால் வீட்டிலும் வெளியிலும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், நம் முடிவுதான் தப்போ என்று தோன்றுகிறது என எழுதியிருக்கிறாய். பயப்படாதேம்மா, அப்படித் தோன்றுவது பலவீனம் இல்லை.

1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். எந்தக் கோடு எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கூட இருந்தவர்கள் அவரே ஏற்பாடு செய்த ஆட்கள். பல சுற்றுகளில் வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்த தப்பான பதில். கண்ணெதிரே கிடக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், கண்ணுக்குத் தெரியாத எதிர்காலத்தைப் பற்றி நீ தடுமாறுவதில் என்ன ஆச்சரியம்? கூட இருப்பவர்களில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் அந்த வளைந்துபோதல் வெகுவாகக் குறைந்தது. உனக்கும் அப்படி ஓர் ஆள் போதும். ஓர் ஆசிரியரோ, அந்தத் துறையில் இருக்கும் ஒரு சீனியரோ யாராவது இருந்தால் தேடிப் பிடி.

கூட்டம் பார்த்துப் போவதில் வேறொரு சிக்கலும் உண்டு. இன்று நல்ல சம்பளம் என்று இன்று சேர்கிறார்கள். ஆனால் வேலை தேடுவது நான்கு வருடம் கழித்து, எல்லாரும் ஒரே நேரத்தில். அப்போது ஆள் மிகுந்து சம்பளம் இறங்கும், அதைப் பார்த்துச் சேர்பவர்கள் குறைவார்கள், பிறகு ஆள் பற்றாமல் மறுபடி ஏறும். பொருளாதாரத்தில் இதைச் சிலந்திவலைச் சுழற்சி என்பார்கள். பொறியாளர் வேலைச் சந்தையில் இதே ஏற்ற இறக்கத்தைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970-களில் எடுத்துக்காட்டினார். அதற்காகக் கூட்டம் எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். உன் தோழிகளில் கணினி நிஜமாகவே பிடித்தவள் இருப்பாள், அவள் போவது சரியே.

நான் கவலைப்படுவது வேறு இடத்தில். உனக்குப் பிடித்தது தாவரவியலா, அதை நடத்திய டீச்சரா, இல்லை எல்லாரையும் போல நான் இல்லை என்ற நினைப்பா? மூன்றாவது என்றால் அதுவும் கூட்டத்தை வைத்தே எடுத்த முடிவுதான், திசை மட்டும் எதிர். இந்தத் துறையின் அன்றாடம் பூவும் காடும் இல்லை: செடியின் சிறு துணுக்கிலிருந்து புதுச் செடி வளர்க்கும் திசு வளர்ப்புக் கூடத்தில் கிருமி புகாமல் பார்த்துக்கொள்வது, உலர்ந்த மாதிரிகளுக்குச் சீட்டு எழுதுவது, விதை முளைப்பு எண்ணுவது, நிறையப் புள்ளியியல். இதில் இருக்கும் ஒருவரிடம் "போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள்?" என்று கேள். "உங்கள் வேலை எப்படி?" என்று கேட்டால் பெருமையோ புலம்பலோதான் கிடைக்கும். பிறகு மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துப் படி. முதலாண்டுப் பாடம் எல்லாருக்கும் பிடிக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இளங்கலையோடு நிறுத்தினால் இந்தத் துறையில் வாசல்கள் குறைவு. பயிர் இனவிருத்தி, செடிகளை இனம் பிரிக்கும் வகைப்பாட்டியல், ஆராய்ச்சி எல்லாம் முதுகலைக்கு மேல்தான் திறக்கும். விதைத் தரப் பரிசோதனை, நாற்றுப்பண்ணை மாதிரி சில வேலைகள் சீக்கிரம் கிடைக்கலாம். அத்தனை வருடம் படிக்க உனக்குப் பொறுமையும் வீட்டில் வசதியும் இருக்கிறதா என்று இப்போதே பேசிவிட வேண்டும்.

அம்மா அப்பாவிடம் "என் மனசு சொல்கிறது" என்று மட்டும் நிற்காதே. அவர்கள் கேட்பது மனசைப் பற்றி இல்லை, நாளைக்கு இவள் தன் காலில் நிற்பாளா என்றுதான். ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ: எந்தப் படிப்பு, எத்தனை வருடம், என்ன செலவு, முதுகலை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பேச உட்காராதே. விருப்பப் பாடத்தில் புள்ளியியலோ நிரலாக்கமோ எடுக்க முடிகிற கல்லூரியாகப் பார்த்தால் அந்தப் பதில் பாதி எழுதியாகிவிடும். மரபணுத் தரவுகளைக் கையாளத் தெரிந்த தாவரவியல் பட்டதாரிக்கு வேலை தேடும் இடமும் விரியும்.