சம்பா கோதுமையில் கலவன் இருந்தால் விதையை மாற்ற வேண்டுமா?

கேள்வி: நீலகிரியில் அரை ஏக்கரில் தாத்தா காலத்துச் சம்பா கோதுமை விதைக்கிறேன். கதிர்களில் சில வெளுப்பு, சில செம்மை, உயரமும் முன்பின். ‘விதை கெட்டுவிட்டது, புதுசு தருகிறேன், பழையதைக் கொடுங்கள்’ என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கெட்ட விதை அவருக்கு எதற்கு?

கோதுமை தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் பயிர். அதனால் உங்கள் வயலில் பல செடிக் குடும்பங்கள் தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. நீலகிரியின் குளிரில் துருநோய், அதாவது இலையிலும் தண்டிலும் துருப்போலப் படியும் பூஞ்சை நோய், வருடம் முழுக்கத் தங்கும். வெலிங்டனில் மத்திய அரசின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் அதனால்தான். குடும்பங்கள் பல இருந்தால், ஒரு செடி நோயில் விழுந்தாலும் இன்னொன்று நிற்கும். சம்பா கோதுமையின் இனமான கப்லியில் கண்ட தண்டுத் துரு எதிர்ப்பு மரபணுக்களை உலகெங்கும் கோதுமை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்றை மட்டும் பிடுங்குங்கள்: சப்பாத்திக் கோதுமை. முற்றிய கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். சம்பா உமியோடு துண்டு துண்டாக உடையும், மணி வெளியே வராது. மணி சுலபமாக உதிர்ந்தால் அது வந்தேறி. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், செம்மைக் கதிரும் சம்பாதான். சந்தேகமானால் இரண்டு மூன்று கதிரைக் கசக்குங்கள், அப்புறம் பிடுங்குங்கள்.

விதைக்கு வயல் முழுக்க நடந்து நூறு செடிகளிலாவது ஒவ்வொரு கதிர் எடுங்கள். பெரிய கதிராகப் பொறுக்கினால் மற்ற குடும்பங்கள் போய்விடும். உமியோடே காயவைத்துச் சேமியுங்கள்.

‘உங்கள் ரகத்தை உங்கள் பெயரில் அரசிடம் பதிவு செய்து தருகிறேன், செலவுக்குப் பணம் கொடுங்கள்’ என்று வருபவர்களும் உண்டு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயிக்குக் கட்டணமே கிடையாது. விண்ணப்பம் உங்கள் பெயரிலோ ஊர் பெயரிலோ இருக்க வேண்டும், தரகர் பெயரில் அல்ல. ஆனால் அந்தச் சட்டமும் ரகம் ஒரே சீராக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறது. வேற்றுமைதான் சொத்து என்று மேடையில் பேசிவிட்டு, படிவத்தில் அதையே குறையாக எழுதுகிறார்கள். விவசாயி ரகத்துக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு; போதாது. எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பக்கத்து வயலுக்குக் கொடுக்கவும், விற்கவும்கூட அதே சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ரகம் என்று முத்திரையிட்ட பொட்டலத்தில் மட்டும் விற்கக்கூடாது. தரகரிடம் ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், இந்த வாரமே நகல் கேட்டு வாங்கிவிடுங்கள்.