வீட்டுப் பெயருக்குக் கட்டம் இல்லை

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரையில் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். தாத்தா காலம் வரை வீட்டில் தறி இருந்தது. அப்பா சுங்குடிக்குச் சாயம் போட்டார். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தலைமுறை தலைமுறையாக வரும் எங்கள் வீட்டுப் பெயரைக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன். அதை வெளியிட வேண்டாம்.

சென்ற மாதம் என் மகளுக்குப் பள்ளியில் வம்ச மரம் வரைந்துவரச் சொன்னார்கள். குடும்பப் பெயர்களின் எண்ணிக்கையைச் சொல்லும் இணையதளம் ஒன்றில் அவள் எங்கள் வீட்டுப் பெயரைத் தட்டிப் பார்த்தாள். உலகம் முழுக்கச் சில நூறு பேர்தானாம். அதில் பெரும்பகுதி அமெரிக்காவில், இந்தியாவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தானாம். எங்கள் தெருவிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்போம். என் அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் வீட்டுப் பெயர் இருக்கிறது. என்னுடையதில் அப்பா பெயர். "நீங்களும் பெரியப்பாவும் வேறு வேறு குடும்பமா அப்பா?" என்று மகள் கேட்கிறாள்.

எங்கள் பெயர் எங்கிருந்து வந்தது? குஜராத் என்பார் பாட்டி. உண்மையில் எத்தனை பேர் இருக்கிறோம்? எனக்கு ஒரே மகள்தான். என்னோடு இந்தப் பெயர் முடிந்துவிடுமா?

இப்படிக்கு,
மதுரை வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை மறைத்துவிட்டேன். அந்தத் தளம் சொல்வது உண்மையானால், இவ்வளவு அரிய பெயரை அச்சிடுவதும் வீட்டு முகவரியை அச்சிடுவதும் ஒன்றுதான்.

உங்கள் மகளின் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான். தாத்தா முத்தையா, அப்பா கருப்பையா. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் முத்தையா. அம்மாவுக்கும் எனக்கும் கருப்பையா. என் மகளுக்கு நானே குடும்பப் பெயர். ஒரே ரேஷன் கார்டில் அடங்கிய குடும்பத்துக்கு மூன்று குடும்பப் பெயர்கள். போதாக்குறைக்கு, அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், இருக்கிற ஒரே பெயரை அங்கே தள்ளிவிட்டுச் சொந்தப் பெயரின் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போன நம் பிள்ளைகளில் சிலரை அலுவலகத்தில் எஃப்.என்.யூ. என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்கு யாராவது அதற்கும் பூர்வீகம் தேடுவார்கள்.

இனி அந்த எண்ணிக்கைக்கு வருகிறேன். இப்படிப்பட்ட தளங்கள் பொதுவாகத் தொலைபேசிப் பட்டியல், வாக்காளர் பட்டியல் என்று கையில் கிடைப்பதைத் திரட்டி, கிடைக்காததை மதிப்பிட்டு நிரப்புகின்றன. நம் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். வீட்டு எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, வீட்டுப் பெயருக்கு இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆளின் பெயரை எழுதிக்கொள்கிறார்கள், ஆனால் பெயர்வாரியாக எண்ணி வெளியிடுவதில்லை. தனி ஆளின் பதிவை யாரும் பார்க்க முடியாதபடி 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பூட்டி வைத்திருக்கிறது. ஆக இந்தியாவில் குடும்பப் பெயர்களுக்கு அரசுக் கணக்கு என்று ஒன்று கிடையாது. உங்கள் தெருவில் ஐம்பது வீடு இருந்தாலும் அந்தத் தளத்தின் கண்ணில் படாது. அண்ணன் விமானம் ஏறி, அங்கே ஒரு படிவத்தில் வீட்டுப் பெயரை எழுதிய நாளில்தான் அது முதன்முதலாக ஒரு கட்டத்துக்குள் விழுந்தது. மதுரையின் பெயர் அமெரிக்கப் பெயரான கதை இதுதான்.

அமெரிக்காவும் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. 2010 கணக்கெடுப்பிலிருந்து அவர்கள் வெளியிட்ட பட்டியலில் நூறு பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் பெயர்கள் மட்டுமே உண்டு, 1,62,253 பெயர்கள். தலையில் ஸ்மித், 24,42,977 பேர். நூறுக்குக் கீழே உள்ளவை மொத்தமாக ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. அண்ணனும் அவர் பிள்ளைகளும் அந்த ஒரு வரிக்குள் இருக்கக்கூடும்.

இதற்கு மேல் எழுத்துக்கூட்டல் தொல்லை வேறு. தமிழில் ஒரே 'த' எழுதுகிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒருவர் டி போடுவார், இன்னொருவர் டி-க்குப் பக்கத்தில் எச் சேர்ப்பார், 'க' வந்தால் கே-யா ஜி-யா என்று பள்ளியில் சேர்த்த வாத்தியார் முடிவு செய்திருப்பார். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நான்கு பெயர்களாகப் பிரிந்து, நான்கும் அரிய பெயர்கள் என்று தளத்தில் நிற்கும்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு டி.எம். சௌந்தரராஜன். 1922-இல் மதுரையில் பிறந்தவர். எம் என்பது அப்பா மீனாட்சி அய்யங்கார். டி என்பது ஊர்ப் பெயர் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது தொகுளுவ, வீட்டுப் பெயர். ஊர் ஊராக ஒலிபெருக்கியில் கேட்ட குரல், ஒவ்வொரு இசைத்தட்டிலும் அச்சான அந்த முதல் எழுத்து, அதை விரித்துச் சொல்லச் சொன்னால் நூற்றில் தொண்ணூறு பேர் விழிப்பார்கள். தமிழ்நாட்டில் சௌராஷ்டிர வீட்டுப் பெயர்களின் கதி பெரும்பாலும் இதுதான், ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் புள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

பூர்வீகம் பற்றி. பாட்டி சொல்வது உங்கள் மொழிக்குப் பொருந்தும். குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவான மொழி, வழியில் தெலுங்கையும் கன்னடத்தையும் தாராளமாக வாங்கிக்கொண்டது. சௌராஷ்டிரத்திலிருந்து தேவகிரி, அங்கிருந்து விஜயநகரம், பிறகு நாயக்கர் மதுரை என்று உங்கள் பெரியவர்கள் வழி சொல்வார்கள். திருமலை நாயக்கர் அழைத்துவந்து மகாலைச் சுற்றிக் குடியமர்த்தினார் என்பது இங்கே வழங்கும் செய்தி. ராணி மங்கம்மாள் காலத்தில் ஆவணி அவிட்டம் செய்யும் உரிமை குறித்து இங்கே பெரிய வழக்கே நடந்து தீர்ப்பாகியிருக்கிறது, அதற்குள் நன்றாக வேரூன்றிவிட்டார்கள் என்று பொருள். மந்தசோர் கல்வெட்டையும் சிலர் காட்டுவார்கள். தென்குஜராத்தின் லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்கு, அதாவது இன்றைய மந்தசோருக்கு, போன பட்டு நெசவாளர் குழு ஒன்று சூரியனுக்குக் கோயில் எடுத்து, கி.பி. 473-இல் அதைச் செப்பனிட்டதைச் சொல்லும் அழகான கல்வெட்டு அது. படிக்க வேண்டியது. ஆனால் அந்த நெசவாளர்கள்தான் உங்கள் முன்னோர் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது. தசபுரத்துக்கும் மதுரைக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெயர் குஜராத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடைசி எழுத்தைப் பாருங்கள், 'ல'. தெலுங்கு வீட்டுப் பெயர்களின் ஈறு இது. ஆவுல என்றால் பசுக்களுடைய, மேக்கல என்றால் ஆடுகளுடைய. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து நாயக்கர், ரெட்டியார் வீடுகளில் இண்டிபேரு (தெலுங்கில் வீட்டுப் பெயர்) என்று கேட்டால் இதே ஓசையில் வரிசையாகச் சொல்வார்கள். மொழியை எடுத்துக்கொண்டு புறப்பட்ட உங்கள் முன்னோர், பெயரை வழியில் தெலுங்கு நாட்டில் வாங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எல்லா வீட்டுப் பெயரும் இப்படி அல்ல. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்ட தொகுப்பில் உங்கள் சமூகத்தின் பிரிவுகளாகக் கௌண்டா, சௌலின், வொய்த்தா, பௌதா என்று நான்கு வருகின்றன: தலைவர், மூத்தோர், வைத்தியர், மற்றவர்கள். பதவியே சில குடும்பங்களில் பெயராக ஒட்டிக்கொண்டது.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். வீட்டுப் பெயருக்குக் கணக்கில்லை, மொழிக்கு உண்டு. 2001-இல் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1,85,420. 2011-இல் 2,47,702. பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை கூடியது 15.6 விழுக்காடுதான். உங்கள் வீடுகளில் மட்டும் தொட்டில் இரட்டிப்பாக ஆடியதாக நான் கேள்விப்படவில்லை. கணக்கெடுக்க வந்தவர் "தாய்மொழி தமிழ்தானே?" என்று கேட்டபடியே எழுதிக்கொண்டு போவார், திண்ணையில் இருந்தவர் தலையாட்டியிருப்பார், அடுத்த முறை வேறொருவர் தலையாட்டாமல் நின்றிருப்பார். நேரில் வந்து எண்ணும் அரசுக் கணக்கே இப்படி ஊசலாடும்போது, கடல் கடந்து உட்கார்ந்து ஒரு வீட்டுப் பெயரை எண்ணும் தளத்தை நம்பி வம்ச மரம் வரையலாமா?

பெயர் அழியுமா என்ற கேள்வி கணிதக்காரர்களுக்கும் பழைய கேள்வி. 1873-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் இதை ஒரு பத்திரிகையில் புதிராகவே வைத்தார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுத, மறு ஆண்டு இருவரும் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடித்தார். அது பிழை. சமன்பாட்டின் ஒரு விடையைப் பார்த்துவிட்டு, அழிவு உறுதியல்ல என்று காட்டும் இன்னொரு விடையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். சரியான முடிவு இது: ஒருவருக்குப் பெயரைச் சுமக்கும் பிள்ளைகள் சராசரியாக ஒன்றுக்கு மேல் இருந்தால் பெயர் பிழைக்க வாய்ப்புண்டு, ஒன்றோ அதற்குக் குறைவோ என்றால் பொதுவாக அழிவு நிச்சயம், எப்போது என்பதுதான் தெரியாது.

இதில் நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் சராசரியாக 1.8. மகன் மட்டும்தான் பெயரைச் சுமப்பான் என்றால் அது ஒன்றுக்குக் கீழே போய்விடும், எந்த வீட்டுப் பெயரும் தப்பாது. மகளும் சுமப்பாள் என்று வைத்தால் 1.8 அப்படியே நிற்கும், ஒன்றுக்கு மேல். ஆகவே ஒரே மகள் என்று நீங்கள் பெருமூச்சு விடுவது மகன்களை மட்டும் எண்ணும் கால்டன் கணக்கை வைத்து. மகள் கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் பெயரை எழுதுவாள் என்பது அவள் பாடு, உங்கள் கையிலும் இல்லை, கால்டன் கையிலும் இல்லை.

பெயர் தொடர வேண்டும் என்ற தவிப்புக்கு நம்மிடம் வேறொரு பழைய ஏற்பாடு இருந்தது. பெயரன் என்பதுதான் பேரன். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். அப்பா பெயர் பிள்ளைக்கு இனிஷியலாகி, பேரனுக்குப் பெயராகத் திரும்பி வரும். இந்த ஊரின் பாண்டியர்களே மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றி மாற்றிப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். இதில் எதையும் பாஸ்போர்ட்டின் இரண்டு கட்டங்களுக்குள் திணிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் காமராசர் சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நண்பர் என்னை மொய் எழுத உட்கார்த்திவிட்டார். நீள நோட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் வரியில் பிள்ளையார் சுழி. ஒரு பெரியவர் ஐந்நூற்றொரு ரூபாயை நீட்டி "சுப்பிரமணியன்" என்றார். எழுதினேன். அவர் நகரவில்லை. குனிந்து நோட்டைப் பார்த்தார். "தம்பி, இந்தப் பக்கத்திலேயே மூன்று சுப்பிரமணியன் இருக்கிறான். நாளைக்கு எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டியதை அவனுக்குச் செய்துவிடுவார்கள். வீட்டுப் பெயரைப் போடு" என்றார். போட்டேன். என் எழுத்து அவருக்குப் பிடிக்கவில்லை, பேனாவை வாங்கி 'ள' என்பதை 'ல' என்று அவரே திருத்தினார். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். முகூர்த்தம் முடிவதற்குள் முப்பதுக்கு மேல் வீட்டுப் பெயர்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றைக்கூட அதற்கு முன் எந்த அரசுக் காகிதத்திலும் நான் பார்த்ததில்லை.

உங்கள் பாட்டி கல்யாணத்து மொய் நோட்டு பரணில் எங்காவது கிடக்கும். அப்பா கல்யாணத்துது, அத்தை கல்யாணத்துது எல்லாம் இருக்கும். ராமபாணப் பூச்சி தின்று முடிப்பதற்குள் இறக்கி, மகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டு கல்யாணத்திலும் மொய் வைத்திருப்பார், அதை மட்டும் கழித்துக்கொள்ளட்டும். என்ன எண்ணிக்கை வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.