டி செல் சேர்த்தும் ஹெப்ஜி2 கூடுகிறதா? முதலில் எம்டிடியைச் சந்தேகப்படுங்கள்

ஆய்வு மாணவர் ஒருவரின் கேள்வி: "ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களை (நோய் எதிர்ப்புச் செல்கள்) சிடி3/சிடி28 பீட்ஸ் (டி செல்லைத் தூண்டும் நுண்மணிகள்) கொடுத்துத் தூண்டி, ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுநோய் செல்களோடு 48 மணி நேரம் வளர்த்தேன். எம்டிடி என்ற சாயச் சோதனை போட்டுப் பார்த்தால் புற்றுநோய் செல்கள் கூடியதுபோல் காட்டுகிறது. டிரான்ஸ்வெல்லில் (நடுவே நுண்துளை வடிகட்டி உள்ள வளர்ப்புக் குழி) இரண்டையும் பிரித்து வைத்தால் ஹெப்ஜி2 சாகவே இல்லை. டி செல்கள் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்யலாமா?"

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டி செல்கள் நன்றாகவே வேலை செய்திருக்கலாம், அதை எம்டிடியால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். எம்டிடி அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. உயிருள்ள எந்தச் செல்லும் அந்த மஞ்சள் சாயத்தை ஊதா நிறமாக்கும், தூண்டப்பட்டு வேகமாகப் பெருகுகிற டி செல் இன்னும் அதிகமாகவே ஆக்கும். பத்து ஹெப்ஜி2 செத்து, அந்த நேரத்தில் முப்பது டி செல் புதிதாக வந்திருந்தால் உங்கள் ரீடிங் ஏறத்தான் செய்யும். கழுவி எடுத்துவிட்டு அளக்கலாமே என்று தோன்றும், ஆனால் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் டி செல் இலக்கைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், கழுவினால் முழுதாகப் போகாது, பாதி செத்து ஒட்டுப்பிடி தளர்ந்த ஹெப்ஜி2தான் சேர்ந்து போய்விடும்.

இரண்டு செல்களையும் பிரித்துக் காட்டுகிற அளவீடு வேண்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் ஓட்டி அளக்கும் கருவி) இருந்தால் ஹெப்ஜி2-க்கு முன்கூட்டியே சிஎஃப்எஸ்இ சாயம் ஏற்றிவிட்டு, கடைசியில் ரத்தச் செல்களில் மட்டும் ஒட்டும் சிடி45 ஆன்டிபாடியால் டி செல்களை ஒதுக்கி, மிச்சத்தில் 7-ஏஏடி (செத்த செல்லுக்குள் புகும் சாயம்) ஏறியவை எத்தனை என்று பாருங்கள். செல்கள் மிதக்கும் மீடியத்தைக் (வளர்ப்புத் திரவம்) கொட்டிவிடாமல் அதையும் சேர்த்து ஓட்டுங்கள், செத்தவை அதில்தான் நிறைய இருக்கும். பீட்ஸையும் காந்தம் வைத்து முன்பே எடுத்துவிடுங்கள். லூசிஃபெரேஸ் (ஒளி உண்டாக்கும் நொதி) ஏற்றிய ஹெப்ஜி2 கிடைத்தால் இன்னும் சுலபம், இலக்குச் செல் மட்டும்தான் ஒளிரும். செத்த செல்லிலிருந்து கசியும் எல்டிஹெச் நொதியை அளக்கும் முறையும் ஆகும், ஆனால் டி செல் மட்டும், ஹெப்ஜி2 மட்டும், வெறும் மீடியம் என்று தனித்தனி வெல் (தட்டின் குழி) வைத்துக் கழிக்க வேண்டும், ஏனென்றால் சீரத்திலேயே எல்டிஹெச் இருக்கிறது.

டிரான்ஸ்வெல் முடிவு தோல்வியே இல்லை. 0.4 மைக்ரான் துளை வழியாக டி செல் போக முடியாது. அது கொல்வதற்கு இலக்கோடு ஒட்டி நின்று பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற கொல்லும் புரதங்களை அந்தச் சிறு இடைவெளிக்குள் விட வேண்டும். வடிகட்டியைத் தாண்டிப் போவது இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப் போன்ற கரையும் புரதங்கள். எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அந்த இன்டர்ஃபெரான் காமா பட்டதும் புற்றுநோய் செல் எம்ஹெச்சி-1-ஐயும் (தன்னுள் இருப்பதை டி செல்லுக்குக் காட்டும் புரதம்) கூட்டும், பிடி-எல்1-ஐயும் (டி செல்லை அடக்கும் புரதம்) கூட்டும். அதாவது டி செல் கண்ணில் படுவதும் அதற்குத் தடை போடுவதும் ஒரே சமிக்ஞையால் நடக்கிறது. அந்த வெல்லில் உள்ள ஹெப்ஜி2-ஐ 24 மணி நேரம் கழித்து எடுத்து பிடி-எல்1 அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் இரண்டு செல்களும் தொடாமலேயே பேசிக்கொண்டன என்பதற்கு நல்ல ஆதாரம் அது.

சரி, சரியாக அளந்து, கொல்வதும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொரு பெரிய கேள்வி வரும், நிறையப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் டி செல் ஒருவருடையது, ஹெப்ஜி2 வேறொருவருடையது. எச்எல்ஏ (மனிதரின் எம்ஹெச்சி, ஆளுக்கு ஆள் மாறும்) பொருந்தாததால் மட்டுமே, உறுப்பு மாற்றில் நடப்பதுபோல, அது தாக்கலாம். "டி செல் புற்றுநோயை அடையாளம் கண்டது" என்று இதை வைத்து எழுத முடியாது. எம்ஹெச்சி-1-ஐ அடைக்கும் டபிள்யூ6/32 ஆன்டிபாடி சேர்த்த வெல் ஒன்று வைத்தால், கொல்வது எவ்வளவு எம்ஹெச்சியைச் சார்ந்தது என்றாவது தெரியும். அது வேற்றாள் என்பதாலா புற்றுநோய் என்பதாலா என்பதை அந்த ஆன்டிபாடியும் பிரித்துச் சொல்லாது. புற்றுநோயைக் குறிவைப்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஒரே நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டும் (கட்டியைப் போன்ற குட்டித் திசு) அவருடைய டி செல்லும் வேண்டும், அல்லது கல்லீரல் புற்றுநோயில் அதிகம் காணப்படும் கிளைபிகன்-3 புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி செல்லுக்கு (மரபணு மாற்றிய டி செல்) போங்கள். ஹெப்ஜி2-லும், ஹெப்3பி என்ற இன்னொரு கல்லீரல் புற்றுநோய் செல் வகையிலும் கிளைபிகன்-3 இருக்கிறது, எஸ்கே-ஹெப்-1 என்ற செல் வகையில் இல்லை, அதனால் எதிர்மறை கன்ட்ரோலும் கையோடு கிடைக்கும்.

அப்புறம் அடுத்து மருந்து சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை டி செல் மேல் தனியாகவும் போட்டுப் பாருங்கள். சோராஃபெனிப் போன்ற கல்லீரல் புற்றுநோய் மருந்துகள் டி செல் பெருகுவதையே அடக்கக்கூடியவை. மீடியம் மஞ்சளாகிறதா என்றும் கவனியுங்கள், இரண்டு பசியுள்ள செல்கள் ஒரே குளுக்கோஸுக்குப் போட்டியிட்டு அமிலம் ஏறிவிட்டால் டி செல் அதனாலேயே மந்தமாகிவிடும். டி செல், இலக்கு விகிதத்தை 1:1, 5:1, 10:1 என்று மூன்றாக வைத்தால், விகிதத்தோடு சேர்ந்து சாவும் ஏறுகிறதா என்பது ஒரே பிளேட்டில் தெரிந்துவிடும்.

ஹெப்ஜி2-ஐ மட்டும் நம்பி நிற்காதீர்கள். அது 15 வயதுச் சிறுவனின் கட்டியிலிருந்து வந்தது, பல காலம் ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா (பெரியவர்களிடம் அதிகம் வரும் கல்லீரல் புற்றுநோய்) என்று சொல்லப்பட்டு, பிறகு ஹெபட்டோபிளாஸ்டோமா (பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது) என்று திருத்தப்பட்டது. ஹூ7 என்ற கல்லீரல் புற்றுநோய் செல் வகையையோ, ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணு சேர்ந்திருக்கும் ஹெப்3பி-யையோ இரண்டாவதாக வைத்து அதே பிளேட்டைத் திரும்பப் போடுங்கள்.