நான் அழுததாலதான் குழந்தை அழுவுதா?

கேள்வி: எனக்கு 7-ஆவது மாசம் நடக்கும்போது அப்பா தவறிட்டாங்க, பிரசவம் வரைக்கும் அழாத நாளே இல்ல. இப்ப குழந்தைக்கு 5 வாரம். சாயங்காலம் ஆனா கைய இறுக்கி மூடிக்கிட்டு, மூஞ்சி செவந்து போற அளவுக்கு அழுவுறா. என் துக்கம்தான் அவளுக்குப் போயிடுச்சா?

பதில்: இல்லம்மா, முதல்ல அந்தப் பழிய உங்க மேல போட்டுக்காதீங்க. மனசு கலங்கும்போது கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும், ஆனா அது அப்படியே குழந்தைக்குப் போயிடாது, நஞ்சுக்கொடியில இருக்கற ஒரு என்சைம் அதுல பெரும்பகுதிய செயலிழக்க வச்சிடும். மாசக்கணக்கா கடுமையான மனஅழுத்தம், சிகிச்சையே இல்லாத டிப்ரஷன்னா குறைப்பிரசவம், எடை குறைவுன்னு ரிஸ்க் கொஞ்சம் கூடும்ங்கறது உண்மைதான், ஆனா அது வாய்ப்பு மட்டும்தான், எல்லாருக்கும் அப்படி ஆகாது. பெத்த அப்பாவுக்காக அழறது நோயும் இல்ல.

பொதுவா பச்சக்குழந்தைங்க அழுகை 2-ஆவது வாரத்துல அதிகமாக ஆரம்பிச்சு 6-ஆவது வாரம் வாக்குல உச்சத்துக்குப் போகும், அதுவும் சாயங்காலத்துலதான் ஜாஸ்தி, 3, 4 மாசத்துல தானா அடங்கிடும். ஜுரம், வாந்தி, பால் குடிக்காம சோர்ந்து கிடக்கறது மாதிரி இருந்தா உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

வயித்துல இருந்தப்பவே உங்க குரல கேட்டு வளர்ந்தவ அவ, நெஞ்சோட அணைச்சு மெதுவா பேசுங்க, அழுகை உடனே நிக்கலன்னாலும் பரவால்ல.

எனக்கு உங்கள நினைச்சாதான் கவலையா இருக்கு. தூக்கமில்லாம, எதுலயும் பிடிப்பில்லாம 2 வாரத்துக்கு மேல இருந்தா தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷன் இருக்கலாமான்னு 10 கேள்வி கேட்டே பாக்கற எடின்பரோ அளவுகோல்னு ஒண்ணு 1987-லயே வந்திருக்கு, பால் குடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மருந்துங்க இருக்கு.