மால்ட் பையைத் தூக்கும் கப்பி: கொக்கி பெயர்ந்ததன் காரணம்

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் பீர் காய்ச்சும்போது, 7 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) இட்டு வெந்நீரில் ஊறவைத்த பையைக் கப்பியால் தூக்கிய உடனே கராஜ் கூரையின் ஜிப்சம் பலகையிலிருந்து கொக்கி பெயர்ந்து விழுந்தது என்றும், இன்னும் தடித்த கொக்கி போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் காயம் ஏற்படாதது பெரிய ஆறுதல்.

தடித்த கொக்கி உதவாது. ஜிப்சம் பலகைக்கு இச்சுமையைத் தாங்கும் வலு இல்லை. ஊறிய மால்ட், நீர் வடியும் முன் 20 கிலோவை நெருங்கக்கூடும். ஒற்றைக் கப்பியில் கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கையில் பையின் எடையோடு உங்கள் இழுவிசையும் சேர்வதால், கூரையின் மீது ஏறத்தாழ 40 கிலோ இறங்குகிறது. பலகைக்கு மேலுள்ள மர விட்டத்தைக் கண்டறிந்து, அதன் நடுவே சிறு துளையிட்டு, தாங்கும் எடை குறிக்கப்பட்ட வளையத் திருகாணியை முழுவதுமாக இறக்குங்கள். கயிற்றின் ஒரு முனையை மேலேயே கட்டி, பையோடு நகரும் இரண்டாவது கப்பியைச் சேர்த்தால், இழுக்க வேண்டிய விசை பாதியாகும். கூரைச் சுமையும் 30 கிலோ அளவுக்குக் குறையும்.

பை வடியும் வரை கயிற்றைக் கையில் பிடித்திருக்காமல், சுவரில் பொருத்திய கட்டையில் சுற்றிக் கட்டிவிடுங்கள். கீழே இருப்பது 65 பாகைக்கு மேற்பட்ட சூடுள்ள சாறு என்பதால், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தூக்குவதற்கு முன் அடுப்பையும் அணைத்துவிடுங்கள்.