கீமோவுக்கு இல்ல தங்கச்சி, காய்ச்சலுக்குப் பயப்படுங்க

இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் நர்ஸ் வேலை, ஆன்காலஜி வார்டு, அதாவது புற்றுநோய் வார்டு கிடைச்சிருக்கு, கீமோவை நினைச்சா பயமா இருக்கு, வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்கணும்னு கேட்டிருக்கீங்க. வாடகையெல்லாம் அங்க இருக்கிற நம்ம பிள்ளைங்ககிட்ட கேளுங்க. எக்ஸ்ட்ரா ஷிஃப்ட்ல எவ்வளவு வருதுன்னும் கேக்காமலே சொல்வாங்க. அவங்களுக்கு வேற பேச்சே கிடையாது.

கீமோவைத் தனிப் பயிற்சி கொடுத்து, தேறிட்டீங்கன்னு கையெழுத்துப் போட்ட பிறகுதான் தொடவே விடுவாங்க. 2001-ல நாட்டிங்ஹாம்ல ரத்தக்குழாய்ல போட வேண்டிய வின்கிரிஸ்டின்ங்கிற கீமோ மருந்தைத் தப்பா முதுகுத்தண்டுல போட்டு ஒரு 18 வயசுப் பையன் செத்துட்டான். அந்தத் தப்பு திரும்ப நடக்கக் கூடாதுன்னு இப்ப அந்த மருந்து சின்ன பையில கலந்து ட்ரிப்பாத்தான் வரும்.

காய்ச்சலுக்கு அப்படி எந்தப் பூட்டும் கிடையாது, நீங்கதான் பாக்கணும். கீமோ உடம்போட எதிர்ப்பு சக்தியைக் குறைச்சிடும், அதனால கீமோ எடுத்தவருக்கு 38 டிகிரி, நம்ம ஊர்க் கணக்குல 100.4 வந்தாலே அவசரம். ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறணும். ரத்த ரிப்போர்ட் வரட்டும்னு நிக்கக் கூடாது. பாரசிட்டமாலோ ஸ்டீராய்டோ உள்ள போயிருந்தா காய்ச்சல் காட்டாமலும் இருக்கும். ஆள் ஒரு மாதிரி இருந்தாலே டாக்டரைக் கூப்பிடுங்க. வரலைன்னா அவருக்கு மேல இருக்கிறவரைக் கூப்பிடுங்க. ரவுண்ட்ஸ் வரட்டும்னு கையைக் கட்டி நின்னு பழகினவங்க நாம. அந்தப் பணிவை இங்க யாரும் பாராட்ட மாட்டாங்க, ஏன் கூப்பிடலைன்னுதான் கேப்பாங்க. நம்மவங்க நிறையப் பேர் பரீட்சையெல்லாம் முதல் தடவையே பாஸ் பண்ணிட்டு இந்த இடத்துல வாயடைச்சு நிப்பாங்க.

இன்னொண்ணு. ஊர்ல மகன் வந்து "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்"ம்பார், நாமளும் வயித்துல புண்ணுன்னு சமாளிப்போம். இங்க நோயாளிக்குத்தான் முதல்ல சொல்வாங்க, அவர் சரின்னாதான் வீட்டுக்கு. நைட் டியூட்டியில "நான் செத்துடுவேனா"ன்னு கேப்பாங்க. பிபி மெஷினைத் தள்ளிக்கிட்டு ஓடாதீங்க. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க, உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேளுங்க.

லீட்ஸ்ல எனக்கு அப்படி ஒருத்தர், ரிட்டயர்டு பஸ் டிரைவர். லிம்ஃபோமாங்கிற நிணநீர்ப் புற்றுநோய், மூணு வாரத்துக்கு ஒரு கீமோ. ஏஜென்ட் ஹீட்டர் ஓடாத ரூம்ல என்னைத் தள்ளிட்டுப் போனை எடுக்காத காலம் அது. எந்த பஸ், எந்தக் கடைன்னு எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஒரு ராத்திரி அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் உட்கார்ந்தேன். சாவைப் பத்தி ரெண்டே வார்த்தை. அப்புறம் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பாய்காட் புராணம். 1967-ல லீட்ஸ்ல இந்தியாவுக்கு எதிரா அவுட்டே ஆகாம 246 அடிச்ச மனுஷனை, மெதுவா ஆடினார்னு அடுத்த மேட்ச்ல தூக்கிட்டாங்களாம். ஏதோ நான்தான் தூக்கின மாதிரி என்னை முறைச்சார். அடுத்த கீமோவுக்கு வந்தப்பவும் அதே கதை, அதே கோபம்.